இரண்டு தட்டுக்குச் ‘சுகம்’ என்று எழுதினேன்

ஒரு படகு உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது என்று எதை வைத்து முடிவெடுப்பீர்கள்?

அவசரப்படாதீர்கள். இந்த ரேடியோ அறையில் மூன்று வருடம் இருந்தவன் நான். அதில் முதல் ஒன்றரை வருடத்தை இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் என்ற நினைப்பிலேயே ஓட்டிவிட்டேன். இந்தக் கிழமையோடு நான் போகிறேன், அந்தக் கதிரை உங்கள் இரண்டு பேருக்கும். இருபத்தேழு வயதில் என்ன பெரிய ரிட்டையர்மென்ட் பேச்சு என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். மைக்கை எப்படிப் பிடிப்பது, பேட்டரியை எப்போது மாற்றுவது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒட்டாத ஒன்றைத்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். வேகமாக அடிக்கிறேன், எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நமது வேலை லேசு மாதிரித்தான் தெரியும். சங்கத்துப் படகுகள் விடியப் போய்ப் பின்னேரம் திரும்புகிற சின்னப் படகுகள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்த பதிலை நேரத்தோடு லொக் புத்தகத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு படகு திரும்பாவிட்டால், எங்கே போய்த் தேடுவது என்று சொல்வது அந்தப் புத்தகம் மட்டும்தான்.

அப்போது நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டார்கள். மைக் பட்டனை இரண்டு தரம் அமுக்குவார்கள். நமக்கு ‘டிக் டிக்’ என்று கேட்கும். ‘கேட்டது, சுகம்’ என்று அர்த்தம். வலை இழுக்கிற கைக்கு அது வசதி என்பார்கள். உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். சண்டைக் காலத்தில் கடலில் குரலை விட்டால் யாரோ கேட்பார்கள், யாரோ எழுதிவைப்பார்கள் என்ற பயம். சண்டை முடிந்து வருடங்கள் ஆகியும் அந்தப் பயம் விரலில் தங்கிவிட்டது. நான் ‘டிக் டிக்’ கேட்டால் ‘சுகம்’ என்று எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவசர வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் தியானப் பயிற்சிக்கு வர வேண்டுமாம். சங்கத்துச் செயலாளர் நானா (முஸ்லிம் அண்ணன்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

“இதுல வேற ஏதோ ஈக்கிது தம்பி.”

“தியானம் எண்டுதானே போட்டிருக்கு நானா.”

“இன்டைக்கிக் கண்ண மூடச் சொல்லுவானுகள். நாளைக்கிக் கண்ணத் தொறந்தா சந்தியில அரச மரத்துக்குக் கீழ ஒரு புத்தர் செல ஈக்கும். நீ பாத்துக்க.”

எனக்கும் அதே சந்தேகம்தான். நான் ஞாயிறு பூசைக்கே பின்வரிசை வாங்கில் இருந்து ஃபோன் நோண்டுகிறவன், என்னை யார் மதம் மாற்றப் போகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் இந்தக் கரையில் மேலே இருந்து ஒன்று இலவசமாக வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்போம். நானா இன்றைக்கும் கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளில் அந்தச் சந்திப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். சிலை ஒன்றும் வரவில்லை. ‘இன்னும் வரவில்லை’ என்பார் அவர்.

பயிற்சிக்குப் போனேன். வெள்ளை உடுப்பில் ஒருவர். ஃபேனுக்குக் கீழே பாயில் இருத்தினார். கண்ணை மூடச் சொன்னார். “ஒரு கடற்கரையை நினையுங்கள். அமைதியான அலைகள். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று மனதுக்குச் சொல்லுங்கள்.” மண்டபத்தில் பாதிப் பேர் கடலில் ஆள் தேடுகிற வேலைக்காரர். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, “இந்தாள் கடலைக் கலண்டரில பாத்திருக்கு” என்றார். மதியப் புரியாணி நன்றாக இருந்தது. தியானம் பற்றி என் முடிவு அன்றோடு எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் அவள் வேலைக்கு வந்தாள். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என்னைவிட மூன்று வயது குறைவு. பெயர் போட்டால் கொல்லுவேன் என்று சொல்லியிருக்கிறாள், ஆகவே நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, என்றே எழுதுகிறேன். நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவள் என்னை ‘அய்யே’, அண்ணன், என்பாள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். ஷிஃப்ட் தொடங்க முன்னால் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருப்பாள். பிறகு ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவாள். நான் உள்ளே வந்தால் மூடிவிடுவாள்.

என் தலை எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதுகிறாள். நான் பிந்தி வருவதை, ஃபோன் நோண்டுவதை, எல்லாவற்றையும். நானாவிடமும் சொன்னேன். “நான் அப்பவே நெனச்சன்” என்றார். இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையோடு நாங்கள் அளந்து அளந்துதான் கதைத்தோம். ஒரு நாள் அவள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் கொப்பியைத் திறந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், திறந்தேன். சிங்களம், எனக்கு வாசிக்க வரும். நடுவில் கோடு. இடது பக்கம்: ‘அய்யே வந்தார். கதைக்கவில்லை.’ வலது பக்கம்: ‘அவருக்கு என்னைப் பிடிக்காது.’ இடது: ‘அம்மா ஃபோன் எடுக்கவில்லை.’ வலது: ‘அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது.’ பக்கம் பக்கமாக இதேதான்.

நிமிர்ந்தால் கதவில் நிற்கிறாள், கையில் இரண்டு பிளேன்டீ.

“வாசிச்சு முடிஞ்சா சொல்லுங்க அய்யே. ஆறுது.”

“இது என்ன?”

“நான் பயந்த ஆள். சின்னச் சத்தம் கேட்டாலும் என்ட மனசு செத்த வீடு வரைக்கும் போய்த்தான் நிக்கும். போயா நாளில பன்சலையில சில் எடுக்கப் போற. அங்க இருந்த மாணியோ சொல்லிக் குடுத்தாங்க. இந்தப் பக்கம் காதுக்கு வந்தது. அந்தப் பக்கம் தலை போட்டது.” போயா என்றால் பௌர்ணமி, பன்சலை என்றால் விகாரை, சில் எடுப்பது நோன்பு மாதிரி. மாணியோ என்றால் அவர்கள் பக்கத்துப் பிக்குணி, நமது கன்னியாஸ்திரி மாதிரி.

“இதுதான் உங்கட தியானமா? கடற்கரை, அலை, ஒண்டும் இல்லையா?”

“தியானத்துக்கு நாங்க பாவனை எண்டு சொல்ற. அது பாவனை இல்ல அய்யே. அது தாலாட்டு. பாவனை எண்டா உங்கட மனசையே நம்பாம, பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிற.”

நான் ஒரு பகிடி விட்டுத் தப்பினேன். உள்ளே மட்டும் கொஞ்சம் அடி விழுந்தது. ஏனென்றால் ‘ரிப்போர்ட் எழுதுகிறாள்’ என்பதில் காதுக்கு வந்தது எவ்வளவு? கொப்பி மூடிய சத்தம் மட்டும்தான்.

சரி, இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

கச்சான் காற்றுக் காலம், தென்மேற்கிலிருந்து அடிக்கும். பின்னேரம் மூன்று மணிக்குள் எல்லாப் படகும் கரைக்கு வந்துவிட்டன, சில்வெஸ்டர் அண்ணனுடையதைத் தவிர. படகில் அவரும் அருளப்பு என்று ஒருவரும். சில்வெஸ்டர் அண்ணனின் மனுசி மெற்றில்டா அக்கா எத்தாளையிலிருந்து பஸ் பிடித்து வந்து ரேடியோ அறைக் கதவில் நின்றார். அவர் வன்னி ஆள், சண்டையில் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்து இங்கேயே கலியாணம் முடித்தவர். அவருடைய தம்பி ஒருவர் அங்கே காணாமல் போனவர். இன்றுவரை பதில் இல்லை.

“பயப்பிட ஒண்டும் இல்ல அக்கா” என்றேன், பெரிய மனிதர் மாதிரி. “பன்னிரண்டு பத்துக்குக் கூப்பிட்டனான். சுகம் எண்டு பதில் வந்தது. மீன் பட்டிருக்கும், பிந்துது.”

அக்கா வெளி வாங்கில் போய் இருந்தார். நான்கு மணிக்கும் படகு இல்லை. ஃபோன் இல்லை, ரேடியோவில் பதில் இல்லை. நானா மூன்று படகுகளை இறக்கத் தயாராக்கிவிட்டு ஓடி வந்தார். இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது.

“சொல்லுங்க தம்பி. கடைசியா எப்ப, எங்க?”

புத்தகத்தைத் திறந்தேன். “பன்னிரண்டு பத்து. சுகம். எத்தாளைக்கு நேர் மேற்க.”

நானா விரலில் கணக்குப் போட்டார். “எஞ்சின் அதுக்குப் பொறகு நிண்டிருந்தா, இந்தக் காத்துக்கு நாலு மணித்தியாலம் வடக்க இழுத்திருக்கும். உச்சமுனைக்கு இங்கிட்டுத்தான் ஈப்பாங்க. மூணு போட்டும் அங்கதான் போகணும்.”

ஷிஃப்ட் மாற வந்த நங்கி என் தோளுக்கு மேலால் புத்தகத்தைப் பார்த்தாள். “அய்யே, பன்னிரண்டு பத்துக்கு அவர்ட குரல் கேட்டதா?”

“தட்டினவர்.”

“நீங்க கண்டதா, அவர் தட்டினத?”

“ரெண்டு தட்டுக் கேட்டது. அவரைத்தானே கூப்பிட்டனான்.”

“அப்ப காதுக்கு வந்தது ரெண்டு தட்டு. சில்வெஸ்டர் எண்டு போட்டது யாரு? சுகம் எண்டு போட்டது யாரு?”

எனக்கு வந்த கோபம்! நானா முன்னால், வெளியில் அந்த அக்கா இருக்கும்போது, நேற்று வந்தவள் என் புத்தகத்தில் பிழை பிடிக்கிறாள். “இங்க பண சொல்லாத நங்கி, ஆள் தேட நேரமில்ல” என்று கத்தினேன். பண என்றால் பன்சலைப் பிரசங்கம். நானாவும் முகத்தைச் சுளித்தார். “முப்பது வருசமா ரெண்டு தட்டுத்தான். இப்ப இந்தப் புள்ளக்கிச் சந்தேகம் வந்திட்டு.”

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தைத் தொடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். உங்களுக்கும் இந்த அரை நிமிடம் வரும். நான் அவளைப் பார்த்துக் கத்தினேன். அது நடந்தது, காதுக்குக் கேட்டது. ‘இவள் என்னை மாட்டப் பார்க்கிறாள்.’ அது நான் போட்டது. ‘பன்னிரண்டு பத்துக்கு அவர் சுகமாக இருந்தார்.’ அதுவும் நான் போட்டது. அதற்கும் கீழே இன்னொன்று கிடந்தது. பன்னிரண்டு பத்து உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சில்வெஸ்டர் அண்ணனுக்காக இல்லை. அது என் கையெழுத்து என்பதற்காக. மூச்சு ஒன்று இழுத்தேன். அமைதி ஒன்றும் வரவில்லை, அந்த வெள்ளை உடுப்புக்காரர் சொன்ன அலையும் வரவில்லை. ஆனால் என் தலை எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருப்பது ஃபோன் திரையில் எழுத்து மாதிரித் தெரிந்தது.

வெளியே ஓடினேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினேன். “பன்னிரண்டு பத்துக்குப் பட்டன் தட்டினது யாரு?”

நான்கு பேர் கையைத் தூக்கினார்கள். “நான்தான் போல.” “நானும் தட்டினன், என்னைக் கூப்பிட்ட எண்டு நெனச்சு.” “எனக்கு ஞாபகம் இல்ல தம்பி, நீ கூப்பிட்டா நான் தட்டுறதுதான்.”

திரும்பி வந்து லொக்கில் மேலே போனேன். சில்வெஸ்டர் அண்ணனின் குரல் கடைசியாக வந்தது காலை எட்டு ஐம்பதுக்கு. “எத்தாளைக்கு நேர் மேற்க வலை போட்டாச்சு” என்றவர். அந்த இடத்தையே மதியத்துக்கும் நான் இறக்கி எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அவரிடமிருந்து எனக்கு ஒன்றுமே இல்லை.

“நானா, எட்டு ஐம்பதில இருந்து கணக்குப் போடுங்க.”

நானா என்னைப் பார்த்தார், நங்கியைப் பார்த்தார். “எட்டு அம்பதெண்டா உச்சமுனையும் தாண்டிப் போயிருப்பாங்க. அங்க போட்ட அனுப்பிட்டு, ஆக்கள் இங்க கிடந்தா? இந்தப் புள்ளட கதையில ரெண்டு உசுரை வைக்கிறதா?”

“அவட கதை இல்ல நானா. என்ட பிழை. ரெண்டு போட் தாண்டிப் போகட்டும். ஒண்டு இங்கால பாக்கட்டும்.”

“பிழை எண்டா பொறுப்பு யாருக்கு?”

“எனக்கு.”

நானா வாசலுக்குப் போனார். அங்கே நின்றே கத்தினார், “யா அல்லாஹ், வெளிக்கிடுங்கடா! ரெண்டு பேர் வடக்க, உச்சமுனைக்கு அங்கிட்டு!” தானும் அதில் ஒன்றில் ஏறினார்.

அடுத்தது அதைவிடக் கஷ்டம். மெற்றில்டா அக்காவிடம் போக வேண்டும். நங்கி வரட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்றேன். என்ன சொல்வது என்று வாங்குக்கு நடக்கிற பத்து அடியில் ஏழெட்டு வசனம் தயார்பண்ணினேன். எல்லாமே தாலாட்டு.

“அக்கா, மத்தியானம் சுகம் எண்டு நான் சொன்னது பிழை. சத்தம் கேட்டது, ஆனா அது அவர் எண்டு எனக்குத் தெரியாது. எட்டு ஐம்பதுக்குப் பிறகு நான் அவர்ட குரல் கேக்கல.”

அக்கா எழும்பினார். அறைவார் என்று நினைத்தேன்.

“ஒரு மணித்தியாலமா என்னை இதில பொய்யில இருத்தி வைச்சிருக்கிறாய்.”

“ஓம் அக்கா.”

“இப்ப அவை எங்க எண்டு தெரியுமோ?”

“தெரியாது. வடக்க ரெண்டு போட் போகுது.”

“உயிரோட இருக்கினமோ?”

“தெரியாது அக்கா.”

வாயில் வந்ததை எல்லாம் சொல்லி என்னை ஏசினார். எழுத மாட்டேன், நீங்கள் சின்னப் பிள்ளைகள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ரேடியோவுக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தார். “என்ர தம்பிக்கு ஒவ்வொரு ஒபிசிலயும் ‘வருவார், வருவார்’ எண்டுதான் சொன்னவை. தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நீ என்னைத் தேற்றாத. அந்தப் பெட்டியைப் பார்.”

பார்த்தேன். நங்கி பக்கத்தில் இருந்தாள். கண்ணை மூடவில்லை. கொப்பியும் எடுக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை ‘டிக் டிக்’ வந்தது. அக்கா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். “அது யாரெண்டு தெரியாது அக்கா” என்றேன். சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? ‘அவராக இருக்கும்’ என்று சொல்ல நாக்கு துடித்தது.

ஐந்தே முக்காலுக்கு நானாவின் குரல், காற்று இரைச்சலுக்குள். “தம்பி! கண்டாச்சு! உச்சமுனைக்கு அங்கால. ரெண்டு பேரும் சுகம்!”

அக்கா எழும்பிவிட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தக் கையை அவர் கடித்திருந்தாலும் நியாயம்.

“நானா, சில்வெஸ்டர் அண்ணன்ட குரல் வேணும்.”

“என்னடா? நான் பொய்யா சொல்றன்?”

“இல்ல நானா. அவர்ட குரல் வேணும்.”

மைக் கைமாறுகிற சத்தம். பிறகு தொண்டை கிழிந்த ஒரு குரல். “டேய், தண்ணி குடிக்க விடுறியா இல்லையாடா? ஒம்பது மணிக்கு எஞ்சின் நிண்டது, ரேடியோப் பெட்டிக்குள்ள தண்ணி. நீங்க எல்லாரும் அங்க என்னத்தைப் புடுங்கினீங்க?”

மைக்கை அக்காவிடம் கொடுத்தேன். அவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார், அமுக்கினால் அந்தப் பக்கம் கேட்காது. நங்கிதான் மெதுவாக விரலை எடுத்துவிட்டாள், அண்ணன் கதைப்பது கேட்க வேண்டுமே.

அன்றைக்கு மற்றப் பக்கம் போன படகு ஒன்றையும் காணாமல் திரும்பி வந்தது. மூன்றும் அங்கே போயிருந்தால் என்று நானா ஒரு தடவைதான் சொன்னார், அதற்குப் பிறகு சொல்லவில்லை. நங்கியிடம் ஒரு பேணி கருவாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, “உம்மா குடுக்கச் சொன்னா” என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். மேலிடத்துத் தியானக் கடிதம் அடுத்த வருடம் வந்தபோது அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நானும் மாறவில்லை. வெள்ளை உடுப்பும் ஃபேனும் இன்னும் எனக்குச் சந்தேகம்தான். யாராவது உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஒன்றைப் படித்தேன். சந்தேகப்படத் தொடங்கினால் முதலில் உங்கள் மண்டையில் தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பிறகு. கஷ்டம் வரும்போது அது உங்களை அமைதியாக்காது. பொய் சொல்லாமல் நிற்க விடும், அவ்வளவுதான்.

இப்போது லொக் புத்தகத்திலும் அவளுடைய கொப்பி மாதிரி நடுவில் கோடு இருக்கிறது. அதை அழிக்காதீர்கள். தட்டைப் பதிலாக எழுதுவதில்லை, குரல் வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். படகுக்காரர் திட்டுவார்கள். “உனக்குக் காதில்லையா, தட்டினது கேக்கல?” என்பார்கள். திட்டட்டும். திட்டுவதும் குரல்தான், நேரத்தைப் போட்டு எழுதுங்கள்.

இப்போது காலை ஒன்பது ஐந்து. பதினொரு படகு வெளியே நிற்கிறது. பத்துக் குரல் வந்திருக்கிறது.